மாலை போட்ட படமும் டின்னுக்குள் இருக்கும் படமும்



இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு வரும்போது புத்தகம் எதுவும் எடுத்து வர வேண்டாம். வீட்டில் இருப்பதிலேயே பழைய போட்டோ ஒன்றை எடுத்து வாருங்கள். அதுதான் இந்த மாதப் பாடநூல்.

நம்ம வீடுகளில் பழைய படங்கள் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, சாமி அறைக்குப் பக்கத்துச் சுவர். கண்ணாடி போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, மாலை மாட்டிய படங்கள் அங்கே இருக்கும். இன்னொன்று, அலமாரிக்கு மேலே இருக்கும் பிஸ்கட் டின். ஒரு பக்கம் கத்தரித்த படம், ஒருவர் முகம் மட்டும் சுரண்டப்பட்ட படம், யார் என்று கேட்டால் "அது யாரோ, எடுத்து வை" என்று பதில் வரும் படம் எல்லாம் அதற்குள் கிடக்கும். சுவரில் இருப்பவர்களின் பெருமையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். டின்னுக்குள் இருப்பவர்களைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவதுதான் இந்தப் பாடம்.

1. கேமரா யார் கையில் இருந்தது?

முதலில் நம்ம வட்டாரத்தைப் பார்ப்போம். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் பெரியவர்கள் இன்னமும் சொல்லும் பெஸ்தாரி ஜெயா, மேலே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம். இங்கெல்லாம் நம்மவர்கள் பெரும்பாலும் வந்து இறங்கியது எஸ்டேட்டுக்குத்தான். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி முறைதான் ஓங்கியது. எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவரையே ஊருக்கு அனுப்பி, அவருடைய கிராமத்து ஆட்களை அழைத்துவரச் சொல்வது அந்த முறை. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதுவரை நம் கொள்ளுத்தாத்தாக்கள் பலர் இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

நம்ம பக்கத்திலேயே ஒரு எஸ்டேட்டின் பெயர் 'தென்னமரம்'. தமிழ்ப் பெயர்தான். மலாயாவில் வியாபார நோக்கத்தோடு செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான், 1917-இல். நட்ட துரை ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசு கிடைத்தது. துரையின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்தக் கன்றுகளுக்குக் குழி தோண்டியவர்களின் பெயர் எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் எஸ்டேட்டின் பெயரே தமிழில் இருக்கிறது. அங்கே யாருடைய பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்தக் காலப் புகைப்படங்களும் இதே மாதிரிதான். கேமரா துரைமார்களின் கையில் இருந்தது. அதனால் நம்மவர்கள் படத்தின் ஓரத்தில், மரத்துக்குப் பக்கத்தில், பெரட்டுக்கு வரிசையாக நின்றபடி இருப்பார்கள். படத்துக்குக் கீழே 'கூலிகள்' என்று மட்டும் எழுதியிருக்கும்.

2. முதல் படம் ஐசி படம்

நம் குடும்பங்களில் பலருக்கு, வாழ்க்கையில் எடுத்த முதல் போட்டோ எது தெரியுமா? ஐசி படம். 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்து அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அட்டையில் படமும் பெருவிரல் ரேகையும் இருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து நின்று சிரிப்பதற்காக எடுத்த படம் இல்லை அது. அரசாங்கம் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க எடுத்தது. அந்தப் படங்களில் நம் பாட்டிகளின் கண்களைப் பாருங்கள். கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கும். கேமராவையே அன்றுதான் பார்த்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு பட்டணத்து ஸ்டூடியோ படங்கள் வருகின்றன. பின்னால் மாளிகை, தோட்டம் என்று வரைந்த திரை. முன்னால் பூச்சாடி. வேட்டி சட்டை இஸ்திரி போட்டிருக்கும். கைக்கடிகாரம் தெரியும்படி கையை முன்னால் வைத்திருப்பார்கள். சில வீடுகளில் கேட்டால், அந்தக் கடிகாரம் ஸ்டூடியோக்காரரிடம் இரவல் வாங்கியது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சிரிப்போடு விட்டுவிடாதீர்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பளம், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் மேலாளர்கள் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது என்று அவர்களுடைய கோரிக்கைகள் நீளமானவை. அதில் ஒன்று, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது, உயிர்கள் போயின.

இப்போது யோசியுங்கள். உங்கள் தாத்தா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் ஒரு படம் வீட்டில் இருந்தால், அவர் எதைக் காட்டுகிறார்? "என்னையும் ஒரு மனுசனா பாரு" என்கிறார். லயத்து வாழ்க்கைக்கு நடுவில் அரை நாள் லீவு எடுத்து, பஸ் ஏறி, காசு கொடுத்து எடுத்த படம் அது. நமக்குக் கிடைத்த அழகான சொத்து இது.

3. படமே இல்லாதவர்கள்

ஆல்பத்தில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு சரியாக வராது. 1942-43-இல் ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறக்குறைய 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். நம் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, பசி, அடி. திரும்பாதவர்கள் எத்தனை ஆயிரம் என்பதற்கு முழுக் கணக்கு எழுதப்படவே இல்லை. அவர்கள் போனது ஐசி காலத்துக்கு முன்னால். அதனால் பலருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. திதி கொடுக்கத் தேதியும் தெரியாது. "ஜப்பான்காரன் காலத்துல போனவரு" என்ற ஒரு வரிதான் மிச்சம்.

1969-க்குப் பிறகு இன்னொரு பிரிவு. குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வேலை பர்மிட் கட்டாயமானது. இந்த மண்ணில் வாழ்க்கையைக் கழித்த பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். கிளம்புவதற்கு முன் குடும்பமாக ஸ்டூடியோவில் எடுத்த படம் உங்கள் டின்னில் இருக்கலாம். எல்லாரும் நல்ல துணி உடுத்தியிருப்பார்கள், யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது. அந்தப் படத்தைப் பார்த்து "ஏன் இவ்ளோ சீரியஸா இருக்காங்க" என்று கேட்டிருப்போம். பதில் இதுதான்.

4. வலிக்கும் படம்

இதுவரை சொன்ன வலிகள் வெளியிலிருந்து நமக்கு வந்தவை. துரை, ஜப்பான்காரன், சட்டம். இவற்றைப் பேசுவது ஓரளவு சுலபம். நம் வீட்டு ஆளே அடுத்தவருக்கு வலி கொடுத்திருந்தால்?

எங்க வீட்டுச் சுவரில் 1950-களில் எடுத்த ஸ்டூடியோ படம் ஒன்று இருக்கிறது. கொள்ளுத்தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாக, கையில் குடையோடு நிற்கிறார். பக்கத்தில் நாற்காலியில் கொள்ளுப்பாட்டி, கழுத்தில் அட்டியல். பெஸ்தாரி ஜெயா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் அவர் கங்காணி. எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குக் கூரை போட வீடு வீடாக வசூல் செய்தவர். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு விரட்டி அனுப்பியவர். எங்க குடும்பத்துக்குப் படிப்பு வந்த வழி அது. இன்றைக்கு நான் என்ஜினியரிங் படிப்பதற்கும் அவர்தான் ஒரு காரணம்.

போன வருடம் அந்தப் படத்தை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, கோயில் திருவிழாவுக்கு எடுத்துப்போனேன். பழைய ஆட்களிடம் காட்டிக் கதை கேட்க வேண்டும் என்று ஆசை. எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரலை அட்டியல் மேல் வைத்தார்.

"இது எங்க அம்மாவுது தம்பி."

ரப்பர் விலை இறங்கி, சம்பளமும் இறங்கியிருந்த நேரமாம். அவருடைய அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். அட்டியலைக் கங்காணியிடம் அடகு வைத்துக் காசு வாங்கினார்கள். வட்டி கட்ட முடிந்தது, முதலைக் கட்ட முடியவில்லை. "அடுத்த தீபாவளிக்கு உங்க பாட்டி கழுத்துல பாத்தோம். எங்கம்மா ஒண்ணும் பேசல. பேசுனா பேரு வெட்டிருவாங்க, அப்புறம் வேலைக்கு எங்க போறது?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்: "இந்தப் படத்துல எனக்கு ஒண்ணு குடுப்பியா தம்பி? எங்கம்மா படம் எங்ககிட்ட ஒண்ணுமில்ல. அட்டியலாவது இருக்கட்டும்."

வீட்டில் வந்து சொன்னேன். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்துப்போனவர ஏன்டா தோண்டுற? அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க" என்றார். ஆயா மட்டும் அமைதியாக இருந்தார். ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "எனக்குத் தெரியும்யா. என் மாமியா கடைசி காலத்துல அதைச் சொல்லி அழுதாங்க" என்றார். அட்டியல் என்றைக்கோ விற்றாகிவிட்டது. அந்தக் காசில் ஒரு அத்தையின் கல்யாணம் நடந்திருக்கிறது.

கொள்ளுத்தாத்தாவைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரும் ஒரு ஏற்பாட்டுக்குள் மாட்டியவர்தான். கூட்டிவந்த ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆட்களைக் கடனில் வைத்திருந்தால் அவர்கள் வேறு தோட்டத்துக்கு ஓட மாட்டார்கள். அதனால் நிர்வாகத்துக்கும் அது வசதியாகவே இருந்தது. காரணம் புரிகிறது. ஆனால் காரணம் புரிந்துவிட்டதால் அட்டியல் எங்களுடையதாகிவிடாது. கோயில் கூரையும் உண்மை, அட்டியலும் உண்மை. லேப் ரிப்போர்ட்டில் நமக்குப் பிடிக்காத ரீடிங்கை மட்டும் அழித்துவிட்டால் மிச்ச ரீடிங்கையும் யாரும் நம்ப மாட்டார்கள். குடும்பக் கதையும் அப்படித்தான்.

5. எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்கு முன்

"முன்னோர்களைக் குறை சொல்வது பாவம் இல்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மகாபாரதத்திலேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது.

போர் முடிந்துவிட்டது. கங்கைக் கரையில் தருமர் இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்துகொண்டிருக்கிறார். அப்போது குந்தி வாயைத் திறக்கிறாள். கர்ணன் உங்கள் அண்ணன், என் வயிற்றில் பிறந்தவன், அவனுக்கும் நீர் இறையுங்கள் என்கிறாள். அத்தனை வருடம் மறைத்த உண்மை. தருமர் இடிந்துபோகிறார். முன்னாலேயே சொல்லியிருந்தால் இந்தப் போரே நடந்திருக்காதே என்று புலம்புகிறார். பிறகு என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். "நடந்தது நடந்துபோச்சு" என்று விடவில்லை. கர்ணனின் மனைவியரையும் அவர்களைச் சேர்ந்தவர்களையும் வரவழைத்து, அவர்களோடு சேர்ந்து கர்ணனுக்கு நீர்க்கடன் செய்தார்.

இதிலிருந்து நான் மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, தர்ப்பணம் பெயர் சொல்லிச் செய்வது. பெயரையும் உறவையும் மறைத்தால் கடன் பாக்கி நிற்கும். இரண்டு, உண்மை தாமதமாக வந்தாலும் சடங்கு அதை ஏற்றுக்கொள்ள இடம் கொடுத்தது. மூன்று, பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

வள்ளுவரும் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரில் தென்புலத்தாரை முதலில் வைக்கிறார், தெய்வத்துக்கும் முன்னால். முன்னோரைப் பேணுவது என்றால் படத்துக்கு மாலை போடுவது மட்டும்தானா? அவர்கள் அடைக்காமல் போன கடனை நாம் தெரிந்துகொள்வதும் அதில் சேர்த்திதான் என்று நினைக்கிறேன்.

இந்த வருட ஆடி அமாவாசைப் படையலுக்கு ஆயா அந்தப் பாட்டியைக் குடும்பத்தோடு அழைத்தார். அவருடைய அம்மா பெயரையும் சொல்லி ஒரு இலை போட்டோம். படத்தின் பிரதியைக் கொடுத்தோம். பெரியப்பா வந்தார், சாப்பிட்டார், அதிகம் பேசவில்லை. அட்டியலின் மதிப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்ற பேச்சு எங்க வீட்டில் இன்னும் முடியவில்லை. முடியாமல் இருப்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

6. செய்முறை

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களை, 1880 முதல் 1980 வரை உள்ளவற்றை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி எடுத்து டிஜிட்டலாகச் சேமித்திருக்கிறார்கள். நம் வட்டாரத்தில் நாமே ஆரம்பிக்கலாம். பெரிய செலவு இல்லை.

முதலில் காப்பாற்றுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது, நன்றாக வைத்தால் ரொம்ப வருடம் தாங்கும். 1970-களின் கலர் படங்கள் சாயத்தால் ஆனவை, இருட்டில் வைத்திருந்தாலும் நிறம் மாறும். படம் சிவப்பாகத் தெரிய அதுதான் காரணம். அதனால் கலர் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பசை தடவிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம் படத்துக்கு எதிரி. லேமினேட் செய்யவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை இழுக்காதீர்கள், பிரேமோடு வைத்தே முதலில் ஒரு படம் எடுங்கள்.

ஸ்கேன் 600 டிபிஐ போதும். மூன்றுக்கு நான்கு அங்குலப் படம் 1800-க்கு 2400 பிக்சல் வரும், அட்டியலின் கல்கூடத் தெரியும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ எழுதிய ஒரு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரே போனில் மட்டும் வைக்காதீர்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். 2021 டிசம்பர் வெள்ளம் சிலாங்கூரில் எத்தனை ஆல்பங்களைக் கொண்டுபோனது என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு கேளுங்கள். "இது யார்?" என்று கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். "இந்தப் படம் எடுத்த அன்னைக்கு என்ன நடந்துச்சு? இந்தப் படத்துல இருக்க வேண்டியவங்க யாரு இல்ல? இந்த நகை, துணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். பெரியவர்கள் அழுதால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். இன்னொரு குடும்பத்தின் வேதனை வெளிவந்தால், அவர்களைக் கேட்காமல் பேஸ்புக்கில் போடக் கூடாது.

கடைசியாக எழுதுங்கள். படத்தின் பின்னால் மெதுவாக, பென்சிலில். பெயர், உறவு, எஸ்டேட், தெரிந்த வருடம். எங்க படத்தின் பின்னால் இப்போது இரண்டு வரி இருக்கிறது. ஒன்று, கோயில் கூரை பற்றி. மற்றது: 'அட்டியல் அடகாக வந்தது. மீட்கப்படவில்லை.' இரண்டும் ஆயாவின் கையெழுத்து.

7. வட்டத்தில் பேச

கொண்டுவந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைப் பேசுங்கள்.

அ) இந்தப் படத்தில் எதைப் பார்த்துப் பெருமைப்படுகிறீர்கள்? அதற்கு யார் உழைத்தார்கள்?

ஆ) உங்கள் வீட்டில் படமே இல்லாத ஒருவர் பெயரைச் சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் இன்றே எழுதி வையுங்கள்.

இ) குந்தி கடைசிவரை சொல்லாமல் இருந்திருந்தால் தருமர் செய்த சடங்கு முழுமையாகியிருக்குமா?

ஈ) நம் பெரியவர்கள் செய்த தவறுக்கு நாம் பொறுப்பா? பொறுப்பு இல்லை என்றால், அவர்கள் விட்டுப்போன நன்மையை மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது?

நான்காவது கேள்விக்கு நம் வட்டத்தில் ஒரே பதில் வராது. வர வேண்டியதும் இல்லை. ஆனால் படம் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய பாட்டிகள் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே போகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒருவரையாவது போய்ப் பாருங்கள். டின்னையும் எடுத்துக்கொண்டு போங்கள்.